'கேஷ்' என்பது காசிலிருந்து வந்ததா? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரையும் கொச்சை வழக்கையும் தேடும் முறை

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற சொல் நம்முடைய 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று கூறும் செய்தி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது யாரோ ஒருவர் வழியாக எனக்கு வந்து சேர்கிறது. அனுப்புகிறவர்களை நான் குறை சொல்வதில்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதிக்குள் நுழைந்திருக்கும்போது காசு மட்டும் நுழைந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். விடை பாதி ஆம், பாதி இல்லை. அந்த இரு பாதிகளும் எங்கே பிரிகின்றன என்பதைக் கண்டறியும் வழியை, இந்த ஒரு சொல்லையே மாதிரியாக வைத்து இங்கே விளக்குகிறேன். இதே வழியில் வேறு எந்த ஆங்கிலச் சொல்லையும் நீங்கள் தேடிப் பார்க்கலாம். மொழியியல் பட்டம் தேவையில்லை. நல்ல அகராதிகளும், ஒரு மாலைப் பொழுதும், விடை நாம் விரும்பியபடி அமையாவிட்டாலும் ஏற்றுக்கொள்ளும் மனமும் போதும்.

முதலில் பொருள்களைப் பிரிக்க வேண்டும்

'இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?' என்று தொடங்குவது பலரும் செய்யும் முதல் தவறு. 'இந்தப் பொருளில் வழங்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?' என்று கேட்க வேண்டும். ஒரே எழுத்துக்கூட்டலும் ஒரே ஒலியும் கொண்ட இரண்டு சொற்கள், ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல், ஒரே மொழியில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பது எந்த மொழிக்கும் புதிதல்ல. தமிழில் 'மா' என்று எழுதினால் அது மரமா, அரைத்த மாவா, விலங்கா என்பதைச் சூழல்தான் சொல்கிறது.

ஆகவே ஒரு தாளை எடுத்து, 'கேஷ்' என்பதற்கு அகராதி தரும் பொருள்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். கையிலுள்ள ரொக்கம் என்பது ஒன்று. காசோலையைக் கொடுத்துப் பணம் பெறுதல் என்ற வினைப்பொருள் இன்னொன்று. பெரிய அகராதிகளில் இவற்றுக்குச் சற்றுத் தள்ளி, தென்னிந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு மதிப்புள்ள நாணயம் என்று மூன்றாவது பொருள் ஒன்று கண்ணில் படும். இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். அகராதியின் தலைச்சொல்லுக்கு அருகில் 1, 2 என்று சிறிய எண்கள் போடப்பட்டிருக்கும். அந்த எண்கள் வெறும் வரிசை எண்கள் அல்ல. எண் மாறினால் பிறப்பே வேறு என்று அகராதி ஆசிரியர் சொல்லாமல் சொல்கிறார். 'கேஷ்' பெரும்பாலான பேரகராதிகளில் இரண்டு தனித்தனிப் பெயர்ச்சொற்களாகவே பதிவாகியிருக்கிறது. முதலாவது ரொக்கம், இரண்டாவது அந்தச் சிறு நாணயம். இந்த எண்களைக் கவனிக்காமல் தாண்டிச் செல்வதால்தான் பாதிச் செய்திகள் பிழையாகின்றன.

அடுத்து, சான்றின் வயதைப் பார்க்க வேண்டும்

பொருள்களைப் பிரித்த பிறகு, ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதன்முதலாக எந்தக் காலத்தில் காணப்படுகிறது என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலையை முறையாகச் செய்தது ஆக்ஸ்போர்டு பேரகராதி. 1884-ல் அதன் முதல் பகுதி வெளிவந்து, 1928-ல் முதற்பதிப்பு நிறைவடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே, கிடைத்தவற்றுள் பழைய மேற்கோளில் தொடங்கி ஆண்டு வரிசையில் சான்றுகளை அடுக்கித் தருவது அதன் முறை.

ரொக்கம் என்ற பொருளுள்ள 'கேஷ்' ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில், 1590-களை ஒட்டித் தென்படுகிறது. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. இன்று ஆங்கிலேயரே மறந்துவிட்ட பொருள் அது. பிரெஞ்சு மொழியில் 'கெஸ்' என்றால் பெட்டி, குறிப்பாகப் பணப்பெட்டி. அதற்கு இணையான இத்தாலியச் சொல் 'காஸ்ஸா'. இரண்டுக்கும் தாய், பெட்டி என்ற பொருளுடைய 'காப்ஸா' என்னும் இலத்தீன் சொல். பெட்டியின் பெயர் நாளடைவில் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. 18-ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி மறைந்து பணம் மட்டுமே பொருளாக நின்றுவிட்டது.

தமிழருக்கு இந்த மாற்றம் புரியாத ஒன்றல்ல. கடையில் பணம் போட்டு வைக்கும் பெட்டிக்குக் 'கல்லா' என்று பெயர். ஒரு திரைப்படம் நன்றாக ஓடினால் 'கல்லா கட்டுகிறது' என்கிறோம். அங்கே பெட்டியை யாரும் கட்டுவதில்லை. பணம் சேர்வதைத்தான் சொல்கிறோம். இலத்தீன் பெட்டி ஆங்கிலப் பணமான கதையும் இதே கதைதான். நாம் அன்றாடம் சொல்லும் 'கேசட்', 'கேப்சூல்' ஆகியவையும், சூட்கேஸில் உள்ள 'கேஸ்' என்பதும் அதே இலத்தீன் பெட்டியின் வழித்தோன்றல்கள் என்பதையும் இதனுடன் குறித்துக்கொள்ளலாம்.

இப்போது வயதை ஒப்பிடுங்கள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அரசுப் பட்டயம் கிடைத்தது 1600-ஆம் ஆண்டின் கடைசி நாளில். சென்னையில் கோட்டை கட்ட இடம் கிடைத்தது 1639-ல். 'கேஷ்' அதற்கு முன்பே, பெட்டி என்ற பொருளுடன், பிரெஞ்சு வழியாக இலண்டனில் புழங்கிக்கொண்டிருந்தது. எனவே ரொக்கம் என்ற பொருளுள்ள சொல் நம்மிடமிருந்து போனதன்று. காலம் ஒத்துவராதது மட்டும் காரணமல்ல. பெட்டி என்ற பழைய பொருளைக் காசிலிருந்து எந்த வகையிலும் வருவிக்க முடியாது என்பதே வலுவான காரணம். ஒரு சொல்லின் இன்றைய பொருளைவிட, அது இழந்துவிட்ட பொருள்தான் அதன் பிறந்த ஊரைக் காட்டிக்கொடுக்கும்.

சொல் நடந்து சென்ற பாதையைத் தொடர்வது

முதற்சொல் நம்முடையதில்லை என்று ஆகிவிட்டது. இரண்டாவது சொல்லோ ஐயத்துக்கு இடமின்றி நம்முடையது. இதற்குப் பாதையைத் தொடர வேண்டும்; அதாவது சொல் புறப்பட்ட இடம், சுமந்து சென்றவர், சென்று சேர்ந்த இடம் ஆகிய மூன்றுக்கும் சான்று வேண்டும்.

புறப்பட்ட இடத்துக்கான சான்று நம்மிடம் ஏராளம். 7-ஆம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் காசு அளித்தான் என்பது வரலாறு. சம்பந்தருக்குக் கிடைத்த காசைக் கடைக்காரர் வட்டம் பிடித்துத்தான் மாற்றிக்கொடுத்தாராம். அதனால் அவர் 'வாசி தீரவே, காசு நல்குவீர்' என்று பாடினார். வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் குறைவு. பக்திப் பாடல் ஒன்றில் நாணய மாற்றுத் தள்ளுபடிக்கான சொல்லும் நாணயத்தின் பெயரும் ஒரே அடியில் அமர்ந்திருப்பதைவிடச் சிறந்த சான்றை ஓர் அகராதி ஆசிரியர் கேட்க முடியாது. பின்னர் சோழர் கல்வெட்டுகளிலும் காசு என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

சுமந்து சென்றவர்கள் போர்ச்சுகீசியர். அவர்கள் காசு என்பதைத் தம் மொழியில் 'காய்ஷா' என்று எழுதினர். அதே 'காய்ஷா' போர்ச்சுகீசிய மொழியில் பெட்டிக்கும் பெயர். அதுவும் முன்பு பார்த்த இலத்தீன் 'காப்ஸா' வழி வந்ததுதான். தெரியாத ஒலியைக் கேட்டவர் தமக்குத் தெரிந்த ஒலியாக அதை எழுதிக்கொள்வது இயல்பு. இங்கும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. எப்படியானாலும், இலத்தீன் பெட்டியும் தமிழ்க் காசும் ஆங்கிலத்தில் சந்திப்பதற்கு முன்பே போர்ச்சுகீசியரின் பேனாவில் ஒருமுறை சந்தித்துவிட்டன.

ஆங்கிலேயர் அதைக் 'கேஷ்' என்று ஆக்கிக்கொண்டு, தம் கணக்கிலும் சேர்த்துக்கொண்டனர். சென்னை மாகாணத்தில் ரூபாய் நிலைபெறும் வரை, அதாவது 1818 வரை, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்பதே கம்பெனியின் வாய்பாடு. பணம் என்பதையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆங்கில ஏடுகளில் அது 'ஃபனம்' என்று இருக்கும்.

இந்தச் சொல்லைக் கையிலேயே பிடித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் 1808 என்று ஆண்டு பொறித்த இருபது காசுச் செப்பு நாணயத்தைத் தேடிப் பார்க்கலாம். பழைய நாணயம் விற்பவர்களிடம் அது அரிதான பொருளல்ல. ஒரு பக்கத்தில் சிங்கங்கள் இரு புறமும் தாங்கி நிற்கும் கம்பெனியின் சின்னமும் ஆண்டும் இருக்கும். மறுபக்கத்தில் பாரசீக எழுத்து வரிகளும், அவற்றின் அடியில் ரோமன் எண்ணில் இருபது என்றும் ஆங்கில எழுத்தில் 'கேஷ்' என்றும் இருக்கும். தமிழ்ச் சொல், ஆங்கில எழுத்தில், பாரசீக வரிகளின் கீழே, பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. இந்த நாணயங்களைச் சென்னைக்கு ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 சனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரைக்கு அப்பாலுள்ள குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றைப் பெருமளவில் மீட்டு விற்றதால்தான் இன்று அவை மலிவாகக் கிடைக்கின்றன. சென்னைச் சந்தையில் புழங்கியிருக்க வேண்டிய காசு, கடலடியில் ஏறத்தாழ 175 ஆண்டுகள் கிடந்துவிட்டு, சேகரிப்பாளர்களின் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

சென்று சேர்ந்த இடம் ஆங்கிலத்தோடு நிற்கவில்லை. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோக்கும் சீனச் செப்புக் காசுக்கும் ஐரோப்பியர் இதே பெயரைச் சூட்டினர். சீனர் அதை அப்படி அழைத்ததே இல்லை. ஆனாலும் சீன நாணயங்களைப் பற்றி எழுதும் ஆங்கில நூல்கள் இன்றும் அவற்றைக் 'கேஷ்' என்றே குறிப்பிடுகின்றன. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறவர்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இதுதான். அவர்கள் பெருமைப்படுவதோ வேறு இடத்தில்.

இந்தப் பாதையைத் தொடர்வதற்கு முதன்மையான துணை, ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் ஆகிய இருவரும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியையும், பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியையும் அதனுடன் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது

பாதையில் பின்னோக்கிப் போகப் போக, இன்னும் ஒரு படி போகலாமே என்ற ஆசை வரும். காசு என்பதற்கு வேர் எது? யூலும் பர்னலும் அதை வடமொழியில் எடையைக் குறிக்கும் 'கர்ஷ' என்பதோடு சேர்த்துச் சொல்கின்றனர். கர்ஷம் என்பது பலம் என்னும் பழைய எடையளவில் நான்கில் ஒரு பங்கு. குறளில் 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்று வருகிறதே, அந்தக் 'கஃசு' என்பதும் பலத்தில் நான்கில் ஒரு பங்குதான். ஒரு பலம் புழுதி காற்பலம் ஆகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்பது வள்ளுவர் கூறும் உழவு முறை. கஃசும் கர்ஷமும் அளவிலும் ஒலியிலும் ஒத்துப்போகின்றன. ஆனால் கஃசு காசானதா என்பது வேறு கேள்வி. காசு என்பதற்கு மேகலையில் கோத்த மணி என்ற பழைய பொருளும் தமிழில் உண்டு. எடையிலிருந்து நாணயம் வந்ததா, கோத்த மணியிலிருந்து வந்ததா என்பதை ஒலி ஒற்றுமை மட்டும் தீர்த்துவைக்காது. அறிஞர் கருத்து வேறுபடும் இடத்தில் இரண்டையும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதே முறை. நமக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து முடிவாக அறிவிப்பது சொல்லாராய்ச்சி ஆகாது.

ஒலி போலிகளை விலக்குதல்

ஒலியை நம்பினால் எவ்வளவு தூரம் வழி தவறலாம் என்பதற்கு 'கேஷ்' என்பதன் அக்கம்பக்கமே போதுமானது. வங்கியில் பணம் வாங்கும் 'கேஷியர்' பணப்பெட்டிக்காரர். அவர் நம் சொல்லின் உறவினர். ஆனால் ஒரு படைத்துறை அதிகாரியை இழிவுபடுத்திப் பதவி நீக்கம் செய்வதைக் குறிக்கும் 'கேஷியர்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கும் பணத்துக்கும் தொடர்பே இல்லை. அது டச்சு மொழி வழியாக வந்த வேறு சொல். 'கேஷ்யூ' என்ற முந்திரி, பிரேசிலின் துப்பி மக்களின் மொழியிலிருந்து போர்ச்சுகீசியம் வழியாக வந்தது. 'கேஷ்மியர்' கம்பளி காஷ்மீரத்தின் பெயரைத் தாங்குகிறது. கணினியில் தற்காலிகச் சேமிப்பைக் குறிக்கும் 'கேஷ்' ஒலியில் ரொக்கத்தோடு அப்படியே ஒத்தாலும், எழுத்திலும் பிறப்பிலும் வேறு. ஒளித்து வைத்தல் என்ற பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்தது. நீதிமன்றத்தில் நாம் போடும் 'கேஸ்' கூட, பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' அன்று. விழுதல், நேர்தல் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வக்கீலிடம் பெட்டி நிறையப் பணம் போய்ச் சேர்கிறது என்பதற்காக இரண்டையும் இணைத்துவிடக் கூடாது.

கொச்சை வழக்கைத் தேடும்போது

இதுவரை சொன்னவை அகராதிச் சொல்லுக்கான முறை. கொச்சைக்கு வேறு கண் வேண்டும். கொச்சைச் சொல் எழுத்துக்கு வருவதற்கு முன்பே வாயில் நெடுங்காலம் இருந்திருக்கும். எழுத்துக்கு வரும்போதும் முதலில் செய்தித்தாளிலும் நாடகத்திலும் நீதிமன்ற வாக்குமூலத்திலும்தான் தலைகாட்டும். அதனால் பொருளுடன் நான்கு செய்திகளைச் சேர்த்தே குறிக்க வேண்டும்: பேசியவர்கள் யார், எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எந்தத் தொழிலில் இருந்து. இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் பொருள் பிறழும். ஜோனதன் கிரீன் தொகுத்து 2010-ல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த ஆங்கிலக் கொச்சை அகராதி ஆண்டுவாரியாகச் சான்று தருவது. இன்று இணையத்திலும் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும் பொருள் எழுதிச் செல்லும் இணையக் கொச்சை அகராதிகளை, இன்றைய இளைஞர் வழக்கு ஒன்று இருக்கிறதா என்று மோப்பம் பிடிக்க மட்டும் பயன்படுத்தலாம். வேரைப் பற்றி அங்கே சொல்லப்படுவதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு துப்பறியும் கதையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு முதியவர் 'சென்ற குளிர்காலத்தில் தம் சிப்ஸைக் கேஷ் செய்துவிட்டார்' என்ற பொருள்பட ஒரு வரி வந்தது. சூதாட்ட விடுதியில் பந்தயத்துக்கு வைக்கும் வில்லைகளுக்குச் 'சிப்ஸ்' என்று பெயர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, அவர் தம் வில்லைகளை மாற்றிப் பணம் பெற்றுக்கொண்டார் என்று பெருமையோடு எழுதினேன். மூன்று பக்கம் தள்ளி அவருடைய மனைவி விதவைக் கோலத்தில் வந்து நின்றார். அதன் பிறகுதான் உறைத்தது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சூதாட்ட மேசையில், ஆட்டத்தை விட்டு எழுகிறவர் கையிலுள்ள வில்லைகளைக் கொடுத்துப் பணமாக மாற்றிக்கொண்டு போவார். வாழ்க்கை என்னும் ஆட்டத்தை விட்டு எழுவதற்கும் அதே தொடர் ஆகிவந்தது. 'மண்டையைப் போட்டார்' என்றோ 'டிக்கெட் வாங்கிவிட்டார்' என்றோ நான் எழுதியிருக்க வேண்டும். தமிழில் டிக்கெட் வாங்குகிறவரும் பயணம் போவதில்லை அல்லவா?

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 'சிப்ஸ்' என்பதை விட்டுவிட்டுக் 'கேஷ் இன்' என்று மட்டும் வந்தால், செத்துப்போதல் என்றும் பொருள்படலாம். ஒரு வாய்ப்பைத் தனக்குச் சாதகமாக்கிப் பயனடைதல் என்றும் பொருள்படலாம். பின்னதுதான் இன்று பெருவழக்கு. நம் அரசியல் மேடைப் பேச்சில் 'எதிர்க்கட்சியின் சண்டையை இவர்கள் கேஷ் பண்ணிக்கொண்டார்கள்' என்று சொல்வது இந்த இரண்டாம் பொருளிலிருந்து வந்ததே. எழுதியவரின் காலமும் நாடும் தெரியாமல் அகராதியின் முதற்பொருளை எடுத்து வைப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லாவில் கைவிடுவது போன்றது.

நாடு மாறினால் வாடை மாறும் என்பதற்கும் இச்சொல்லே சான்று. பிரிட்டனில் ஒரு வேலைக்குக் 'கேஷ் இன் ஹேண்ட்' கேட்கிறார் என்றால், கையில் ரொக்கம் கேட்கிறார் என்பதோடு, வரிக்கணக்கில் காட்டாமல் கேட்கிறார் என்ற குறிப்பும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆஸ்திரேலியாவில் 'கேஷ்டு அப்' என்றால் கை நிறையப் பணமுள்ளவர். புதுப் பணம் வந்தும் பழைய நடைமாறாதவர் என்று நகைக்கும்போது அதனோடு 'போகன்' என்ற அந்நாட்டுச் சொல்லையும் சேர்ப்பார்கள். நாம் 'கேஷ் பார்ட்டி' என்பது ஏறத்தாழ இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் நம் வழக்கில் நகைப்பைவிடப் பொறாமையே கூடுதல். பணமுடை வந்தவரை அமெரிக்கர் 'ஸ்ட்ராப்ட் ஃபார் கேஷ்' என்பார்கள். 'கேஷ்' என்பதை எடுத்துவிட்டு முதற்சொல்லை மட்டும் இன்றைய அமெரிக்கத் தெருவழக்கில் சொன்னால், இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிறார் என்று பொருள்படும். இருவர் கையிலும் பணம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒருவரிடம் பேசுவதுபோல மற்றவரிடம் பேச முடியாது.

தொழிலிலிருந்து தெருவுக்கு வந்த வழக்குகளை இனங்காண்பது ஒப்பீட்டளவில் எளிது. 'கேஷ் கௌ', அதாவது பணம் கறக்கும் பசு, மேலாண்மைப் பாடத்தின் வழியாகப் பரவியது. பாஸ்டன் கன்சல்டிங் குழுமம் 1970-ஐ ஒட்டி நிறுவனங்களின் தொழில்களை நான்கு கட்டத்தில் அடைத்து, ஒன்றுக்கு விண்மீன், ஒன்றுக்குக் கேள்விக்குறி, ஒன்றுக்கு நாய் என்று பெயரிட்டு, பெரிதாக வளராவிட்டாலும் தவறாமல் பணம் தருவதற்குப் பசு என்று பெயர் வைத்தது. இதைத் தமிழில் காமதேனு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. காமதேனு கேட்டதையெல்லாம் தருவது. இந்தப் பசு பால் மட்டுமே தரும், தீவனமும் அதிகம் கேட்காது, ஆனால் கன்று பெருகி மந்தையாகும் என்ற நம்பிக்கை அதனிடம் இல்லை. 'கறவை மாடு' என்பதே போதும். 'கேஷ் கிராப்' என்பது பணத்துக்காக மட்டும் அவசரமாகச் செய்து தள்ளிய படைப்பைப் பழிக்கும் சொல். ஒரு வெற்றிப்படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் 'சும்மா கல்லா கட்ட எடுத்திருக்கிறார்கள்' என்று சொன்னால், அதற்கு இதைவிட நல்ல மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அழகான கதையை ஐயுறுதல்

சொல்லுக்கு ஒரு கதை சொல்லப்பட்டு, அந்தக் கதை மிக அழகாகவும் இருந்தால், அங்கேதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். உடனடி ரொக்கம் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'கேஷ் ஆன் த நெய்ல்' என்பார்கள். 'நெய்ல்' என்பதற்கு ஆணி, நகம் என்று இரண்டு பொருளும் உண்டு. பிரிஸ்டல் நகரின் கார்ன் தெருவில், தட்டையான வட்டத் தலையுடன் இடுப்பளவு உயரத்தில் நான்கு வெண்கலத் தூண்கள் நிற்கின்றன. அவற்றுக்கு ஆணிகள் என்றே பெயர். வணிகர்கள் பேரத்தை முடித்து அந்தத் தூண்களின் மேல் பணத்தை எண்ணி வைத்தார்களாம். அதிலிருந்துதான் தொடர் பிறந்ததாம். தூண்கள் உண்மை, வணிகர் பணம் எண்ணியதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அவற்றுள் இரண்டு தூண்களில் உள்ள ஆண்டுகள் 1625, 1631. 'ஆன் த நெய்ல்' என்பதோ உடனடியாக என்ற பொருளில் 1590-களிலேயே அச்சில் வந்துவிட்டது. மற்ற இரண்டு பழைய தூண்களும் அதற்குச் சற்று முந்தியவை என்று வாதிடுகிறவர்கள், பிரெஞ்சுக்காரர் கடனைப் பைசா பாக்கியின்றித் தீர்ப்பதைக் குறிக்கும் மரபுத்தொடரிலும் விரல்நகம்தான் வருகிறது என்பதற்கு விடை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர் பிரிஸ்டல் தூணைப் பார்த்துத் தம் மரபுத்தொடரை அமைத்திருக்க மாட்டார்கள். தொடரிலிருந்து தூணுக்குப் பெயர் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இத்தகைய இடங்களில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கதையில் வரும் பொருளின் வயதையும் தொடரின் முதற்சான்றின் வயதையும் அருகருகே எழுதிப் பார்ப்பது. குழந்தை தாயைவிட மூத்ததாக இருந்தால் கதையைக் கைவிட வேண்டும்.

தமிழில் எழுதும்போது

தேடி முடித்ததைத் தமிழில் எழுதும்போது இரண்டு சொற்களையும் ஒரே 'காசு' என்று மொழிபெயர்த்துவிட்டால் அதுவரை பட்ட பாடு வீணாகும். நம் கலைச்சொல்லாக்கமே இந்த மயக்கத்துக்கு இடம் தருகிறது: 'கேஷியர்' காசாளர் ஆனார், 'செக்' காசோலை ஆனது. இவை நல்ல சொற்கள். நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் காசாளர் என்பதில் உள்ள காசு தமிழ்க் காசு. 'கேஷியர்' என்பதில் உள்ளது பிரெஞ்சுப் பெட்டி. நாம் மொழிபெயர்த்தபோது ஒலி ஒத்துப்போனது தற்செயல். எனவே குறிப்பெழுதும்போது ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்து மேற்கோளிட்டு எழுதி, பொருளைத் தமிழில் 'ரொக்கம்', 'சிறு நாணயம்' என்று வேறுபடுத்திக் காட்ட வேண்டும். 'துட்டு' என்பதைப் பயன்படுத்தலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். பயன்படுத்தலாம்; ஆனால் அது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்ற நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது என்பதால், அதற்குத் தனியாக ஒரு தாள் தேவைப்படும்.

என் குறிப்புத்தாளில் இந்தச் சொல்லுக்கான பதிவு இப்படி முடிந்திருக்கிறது. 'கேஷ்' 1: ரொக்கம், இலத்தீன் 'காப்ஸா', பிரெஞ்சு 'கெஸ்' வழி, ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டின் இறுதி, முதலில் பணப்பெட்டி. கொச்சையில் 'சிப்ஸ்' சேர்ந்தால் சாவு, அமெரிக்கச் சூதாட்ட வழக்கு, 19-ஆம் நூற்றாண்டு. 'அப்' சேர்ந்தால் பணச்செழிப்பு, ஆஸ்திரேலியா. 'கேஷ்' 2: சிறு நாணயம், தமிழ் 'காசு', போர்ச்சுகீசியம் 'காய்ஷா' வழி, சென்னை நாணயக் கணக்கில் 1818 வரை, சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் இட்ட பெயர், கொச்சை வழக்கு எதுவும் இதிலிருந்து கிளைக்கவில்லை. தாளின் ஓரத்தில் பென்சிலால், '1808 இருபது காசு, ஒன்று வாங்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். சென்ற மாதம் வாங்கிவிட்டேன். விற்றவர் கார்டைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குக் கேஷ்தான் வேண்டுமாம்.